மணல் மூடுமுன் எழுத வேண்டிய கணக்கு

பழவேற்காட்டு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் மணற்பரப்பில், கப்பல்களுக்கு வழிகாட்டும் கலங்கரை விளக்கத்தின் பெயரையே தன் பெயராகக் கொண்டு விளங்கும் லைட்ஹவுஸ் குப்பத்தில், ஒரு மீனவர் தம் பழைய வீட்டைக் கலைத்துவிட்டுத் தளம் போட்ட வீடு கட்டிக்கொள்ளத் தீர்மானிப்பாரானால், அவர் தம் ஆயுளில் ஈடுபடும் பண விவகாரங்களுள் அதுவே மிகப் பெரியதாக இருக்கக்கூடும். படகையும் எஞ்சினையும் வாங்குகிறவர் பொருளைக் கண்ணால் பார்த்து, ஓட்டிப் பார்த்து, திருப்தியடைந்த பிறகே விலை கொடுக்கிறார். வீட்டுக்கோ, அது இன்னும் இல்லாத நாளிலேயே விலை பேசி, சிறிது சிறிதாக அது உருவாகி வரும் மாதங்களில் பணத்தைக் கொடுத்துக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. கட்டித்தர ஏற்றுக்கொண்ட மேஸ்திரியின் நிலையும் இதைவிட எளிதன்று. சிமெண்டுக் கடைக்காரருக்கும் கம்பிக் கடைக்காரருக்கும் தவணை சொல்லி, கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் சனிக்கிழமை தோறும் கூலி எண்ணிக் கொடுத்து, தமக்கு வரவேண்டியது வருமுன்பே தம் பணத்தையும் பிறர் பணத்தையும் அந்த மணலில் இறக்கிக்கொண்டு வருகிறவர் அவர். இவ்விருவருக்கும் நடுவில் நின்று, இதுவரை நடந்த வேலை இவ்வளவு, அதற்குரிய பணம் இவ்வளவு, வந்தது இவ்வளவு, வரவேண்டியது இவ்வளவு என்று சொல்லும் காகிதம்தான் பில். அதை எப்படி எழுதுவது, எப்போது கொடுப்பது என்பது காண்ட்ராக்டர்களின் தொழில் விஷயம் என்று பலர் எண்ணி ஒதுக்கிவிடுகிறார்கள். வீடு கட்டும் ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அது என்பது என் அபிப்பிராயம்.

கடலோரக் குப்பங்களில் பில் எழுதும் வழக்கம் வேரூன்றாமல் போனதற்கு எழுத்தறிவின்மையைக் காரணமாகச் சொல்வது நியாயமாகாது. மீன் ஏலத்தில் எவர் எவ்வளவுக்கு எடுத்தார், எந்த வியாபாரி எத்தனை கொடுத்தார், படகுக்குப் பங்கு எவ்வளவு, ஆளுக்குப் பங்கு எவ்வளவு என்பதையெல்லாம் அன்றன்றைக்கே தீர்த்துக்கொள்ளும் மக்கள் இவர்கள். ஏரியில் வலை வீசும் இடத்தைக் குலுக்கல் முறையில் வகுத்து, முறை தவறாமல் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' என்னும் ஏற்பாட்டைப் பழவேற்காட்டு மீனவ ஊர்கள் சில தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்திருக்கின்றன. அதைவிட நுட்பமான கணக்கு வேறென்ன வேண்டும்? வீட்டு வேலையில் மட்டும் கணக்கு மௌனமாகிவிடுவதற்குக் காரணம் தாட்சண்யம். மேஸ்திரி பெரும்பாலும் பக்கத்து ஊர்க்காரர். வீட்டுக்காரரின் மைத்துனருக்கோ சித்தப்பாவுக்கோ முன்பே கட்டிக் கொடுத்தவர். அவர் ஒரு சீட்டை நீட்டினால், "என்னா மேஸ்திரி, நமக்குள்ள சீட்டு எதுக்கு? நான் எங்க ஓடிடப் போறேன்?" என்று ஒரு கேள்வி வரும். மேஸ்திரியும், "அதுக்கில்லண்ணே, சும்மா ஒரு கணக்குக்குத்தான்" என்று கூசிக்கொண்டு சீட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வார். அந்தக் கூச்சத்தின் விலை எட்டு மாதம் கழித்துத் தெரியவரும். வீடு முடிந்து, பாக்கி எவ்வளவு என்பதில் இருவருக்கும் இரண்டு தொகை மனத்தில் இருந்து, விவகாரம் ஊர்ப் பஞ்சாயத்துக்குப் போய், அஸ்திவாரத்தை எத்தனை அடி ஆழம் தோண்டினார்கள் என்பதற்குச் சாட்சி தேடும் நிலை ஏற்படும்போது, உண்மையைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சியான அந்த அஸ்திவாரம் மணலுக்கும் தரைக்கும் கீழே மூடுண்டு கிடக்கும்.

முன்பணமும் கணக்கும் பழவேற்காட்டுக்குப் புதியவை அல்ல என்பதை இங்கே நினைவு கூர்வது பொருந்தும். 1613-இல் கெல்டிரியாக் கோட்டையை இங்கே எழுப்பிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியார், சோழமண்டலக் கரையின் துணிகளைக் கடையில் வாங்கிக் கப்பலேற்றவில்லை. உள்ளூர் வணிகர்களுக்கு முன்பணம் கொடுத்து, அவர்கள் வழியே நெசவாளருக்கு அது போய்ச் சேர்ந்து, துணி நெய்யப்பட்டு வந்த பின் தரம் பார்த்துக் கழித்துக்கொள்ளும் முறையிலேயே அந்த வர்த்தகம் நடந்தது. இல்லாத பொருளுக்கு முன்னதாகப் பணம் கொடுக்கிறவன் எழுத்தையே நம்ப வேண்டியவனாகிறான் என்பதை அந்த வர்த்தகர்கள் அறிந்திருந்தார்கள். அவர்கள் விட்டுச்சென்ற கணக்கேடுகளும் கடிதங்களும் இன்றைய சரித்திர ஆசிரியர்களுக்கு ஆதாரமாக நிற்பதும் அதனால்தான்.

எழுத்து ஏன் கட்டட வேலைக்கு மற்ற வேலைகளைவிட அதிகம் அவசியம் என்பதற்குச் சட்டத்திலேயே ஒரு காரணம் இருக்கிறது. படகின் வெளிப்பொருத்து எஞ்சின் பழுதாகி மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் கொடுக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் பழுது பார்த்த பின் கூலி தரப்படாவிட்டால், கூலி வரும்வரை எஞ்சினைத் தம்மிடமே வைத்துக்கொள்ள 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 170-ஆம் பிரிவில், அவருக்கு உரிமை தருகிறது. தம் உழைப்பும் திறமையும் சேர்ந்த பொருள் தம் கையில் இருப்பதே அவருக்குப் பாதுகாப்பு. வீடு கட்டிய மேஸ்திரிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அவர் வைத்த ஒவ்வொரு செங்கல்லும், வைத்த கணமே, வீட்டுக்காரருடைய நிலத்தின் அங்கமாகிவிடுகிறது. அதைப் பிடித்து வைத்துக்கொள்ள வழியில்லை. இந்தக் குறையை உணர்ந்த பிற நாடுகள் வெவ்வேறு பரிகாரங்களைத் தேடியிருக்கின்றன. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம், வாஷிங்டன் நகர் உருவாகிக்கொண்டிருந்த 1791-ஆம் ஆண்டிலேயே, கட்டியவனுக்குக் கட்டடத்தின் மீதே பாத்தியதை உண்டு என்று சட்டம் செய்தது. பிரிட்டனில் 1996-ஆம் ஆண்டின் சட்டம், நாற்பத்தைந்து நாளோ அதற்கு மேலோ நடக்கும் கட்டுமான வேலைக்குத் தவணை தவணையாகப் பணம் பெறும் உரிமையைக் கொடுத்ததோடு, 'எனக்கு மேலிருந்து வந்தால்தான் உனக்குத் தருவேன்' என்ற நிபந்தனையையும் பெரும்பாலும் செல்லாததாக்கியது. ஆனால் ஒருவர் தாம் குடியிருக்கக் கட்டிக்கொள்ளும் வீட்டை அது தன் வரம்புக்கு வெளியே விட்டுவிட்டது. தமிழ்நாட்டுத் தொழிலாளர் பல்லாயிரவர் வியர்வை சிந்திய சிங்கப்பூரில், 2004-இல் இயற்றப்பட்ட சட்டம் கட்டுமானப் பணத்துக்கான கோரிக்கைகளை விரைந்து தீர்க்கும் நடுவர் முறையை ஏற்படுத்தியது. நம் நாட்டில் வீட்டு வேலை செய்யும் சிறு மேஸ்திரிக்கு இவற்றுக்கு நிகரான பாதுகாப்பு எதுவும் இல்லாதபடியால், அவருடைய கையில் இருக்கக்கூடிய ஆயுதம் ஒன்றே: வேலை கண்ணுக்குத் தெரியும்போதே அதை அளந்து, எழுதி, கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வது.

பில் நன்றாக அமைவதற்கு எஸ்டிமேட் நன்றாக அமைந்திருக்க வேண்டும். கூலி காண்ட்ராக்டா, பொருளும் கூலியும் சேர்ந்த மொத்தக் காண்ட்ராக்டா என்பதை முதல் வரியிலேயே நிர்ணயம் செய்துவிட வேண்டும். அதன் பிறகு இந்த ஸ்தலத்துக்கே உரிய செலவுகளை மறைக்காமல் எழுத வேண்டும். பொன்னேரியில் சதுர அடிக்கு இன்ன ரேட் என்று கேட்டுக்கொண்டு வரும் வீட்டுக்காரர், அதே ரேட்டில் குப்பத்திலும் கட்ட முடியும் என்று நம்புவது இயல்பு. ஆனால் செங்கல்லும் ஜல்லியும் பழவேற்காட்டைக் கடந்து மணலுக்குள் வந்து சேர வேண்டும். நிலத்தடியிலிருந்து கிடைக்கும் நீர் உப்பாக இருக்குமிடத்தில் கான்கிரீட்டுக்கும் நீராற்றுவதற்கும் நல்ல தண்ணீரை விலைக்கு வாங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உப்புக் காற்று கம்பியைத் தின்னும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர நிர்ணயமாகிய ஐ.எஸ். 456, கடற்கரைச் சூழலைக் கடுமையான சூழல் என்று வகுத்து, கம்பியிட்ட கான்கிரீட் எம்-30 தரத்துக்குக் குறையாமலும், கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம் 45 மில்லிமீட்டருக்குக் குறையாமலும் இருக்க வேண்டும் என்கிறது. உள்நாட்டு வீட்டுக்குப் போதும் என்று கருதப்படும் கலவை இங்கே போதாது. இந்த வித்தியாசத்தை எஸ்டிமேட்டில் ஒரு வரியாக எழுதி, அதற்குரிய பணத்தையும் காட்டிய மேஸ்திரி, பிறகு பில்லில் அதைக் கேட்கும்போது கூச வேண்டியதில்லை. எழுதாத மேஸ்திரிக்கு இரண்டே வழி: கைப்பணத்தை இழப்பது, அல்லது கலவையைக் குறைப்பது. இரண்டாவது வழியில் போனவர்களின் வீடுகள் சில ஆண்டுகளிலேயே தளத்தின் அடிப்பூச்சு உதிர்ந்து கம்பி துருவோடு எட்டிப் பார்க்கும் நிலையை அடைவதைக் கடற்கரை ஊர்கள் எதிலும் காணலாம். கணக்கில் காட்டிய நேர்மையின்மைதான் அங்கே துருவாக வெளிப்படுகிறது என்று நான் திடமாக நம்புகிறேன்.

இனி, கட்டங்கட்டமாகப் பில் எழுதும் முறையைப் பார்ப்போம். கணக்கு விளங்குவதற்காக, 600 சதுர அடி வீடு, சதுர அடிக்கு 2,000 ரூபாய், ஆக மொத்தம் 12 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தம் எழுதும்போதே, அட்வான்ஸாகப் பத்து விழுக்காடு, பேஸ்மென்ட் முடிந்ததும் இருபது, லிண்டல் மட்டம் வந்ததும் இருபது, தளம் போட்டதும் இருபத்தைந்து, பூச்சு வேலை முடிந்ததும் பதினைந்து, சாவி கொடுக்கும்போது பத்து என்று பிரித்துக்கொள்கிறார்கள். தளம் போட்டு முடிந்த அன்று மேஸ்திரி எழுதும் பில்லில் 'தளத்துக்கு மூன்று லட்சம்' என்று மட்டும் எழுதினால் அது அரைகுறைக் கணக்கு. ஆரம்பம் முதல் இன்றுவரை ஆன வேலை எழுபத்தைந்து விழுக்காடு, அதன் மதிப்பு 9,00,000 ரூபாய். இதுவரை இன்ன இன்ன தேதிகளில் வரவானது 5,60,000 ரூபாய். ஆகவே இன்று வரவேண்டியது 3,40,000 ரூபாய் என்று முழுக் கணக்கையும் ஒவ்வொரு பில்லிலும் முதலிலிருந்து எழுதுவதே ரன்னிங் பில்லின் இலட்சணம். அப்படி எழுதும்போது, லிண்டல் வரையில் ஆறு லட்சம் வந்திருக்க வேண்டிய இடத்தில் நாற்பதாயிரம் குறைவாக வந்திருப்பது தானே வெளிப்பட்டுவிடுகிறது. அதை வாயால் கேட்க வேண்டிய சங்கடமும் இல்லை, கேட்காமல் விட்டு மறந்துபோகும் அபாயமும் இல்லை. வீட்டுக்காரருக்கும் இதனால் பெரிய பிரயோஜனம் உண்டு. தாம் கொடுத்த பணம் நடந்த வேலையைவிட முந்திப் போய்விட்டதா என்பதை அவர் ஒரே பார்வையில் அறியலாம். வேலைக்கு மிஞ்சிப் பணத்தை வாங்கிக்கொண்டு அடுத்த ஊரில் வேறொரு வேலையைத் தொடங்கிவிடும் மேஸ்திரிகளும் இருக்கிறார்களாகையால், இந்த ஜாக்கிரதை குற்றமாகாது.

கட்டங்களை எங்கே வகுப்பது என்பதிலும் ஒரு விவேகம் வேண்டும். வேலை மூடப்படும் தருணத்துக்குச் சற்று முன்னால் ஒவ்வொரு கட்டமும் முடிய வேண்டும் என்பதே என் யோசனை. அஸ்திவாரக் குழியில் மண் தள்ளுமுன், கம்பி கட்டிய தட்டில் கான்கிரீட் ஊற்றுமுன், சுவருக்குள் பதித்த குழாயின் மேல் பூச்சு ஏறுமுன், இருவரும் சேர்ந்து நின்று நீளம், அகலம், ஆழம், கம்பியின் கனம், இடைவெளி ஆகியவற்றை அளந்து ஒரு நோட்டில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். கைப்பேசியில் அளவு நாடாவோடு ஒரு படமும் எடுத்துக்கொள்ளலாம். பொதுப்பணித் துறையில் 'எம்-புக்' என்று வழங்கும் அளவுப் புத்தகத்தின் தத்துவமும் இதுவே. பக்கங்களுக்கு எண் இடப்பட்டிருக்கும். ஒரு பக்கத்தையும் கிழிக்கலாகாது. எழுதியதை அழிக்கலாகாது, பிழையிருந்தால் அடித்துவிட்டு எழுதிக் கையொப்பமிட வேண்டும். அந்த அளவுக்குப் பணம் கொடுத்தாகிவிட்டால், மறுமுறை அதற்கே பணம் பெறாதபடி சிவப்பு மையால் குறுக்கே கோடு இழுக்கப்படும். 1892-இல் முடிவுற்ற சென்னை உயர்நீதிமன்றக் கட்டடத்தை எழுப்பிய பெரும் ஒப்பந்தக்காரர் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டியாரின் காலத்திலிருந்து இன்று ஊராட்சியில் சிறு வடிகால் கட்டுகிறவர் வரைக்கும், அரசாங்க வேலை செய்கிறவர் அளந்து காட்டியே பணம் பெறுவது பொது வழக்கம். அந்தக் கட்டுப்பாட்டைத் தனியார் வீட்டு வேலைக்குக் கொண்டுவர ஆகும் செலவு, கடையில் வாங்கும் ஒரு நீளநோட்டின் விலைதான்.

வழக்குகளில் மிகுதியானவை எக்ஸ்ட்ரா வேலையிலிருந்தே பிறக்கின்றன. வலையும் சாமானும் வைக்க ஒரு பரண் வேண்டும் என்று வீட்டுக்காரரின் மனைவி சொல்லியிருப்பார்; மாடிப்படியின் கீழே ஒரு கழிவறை என்று மகன் சொல்லியிருப்பான்; மழைநீர் தேங்கும் என்று அஞ்சி பேஸ்மென்ட்டை ஓர் அடி உயர்த்தச் சொல்லி வீட்டுக்காரரே கேட்டிருப்பார். எல்லாவற்றுக்கும் 'செய்துடலாம்' என்று தலையாட்டிய மேஸ்திரி, கடைசி பில்லில் அவற்றையெல்லாம் சேர்த்து ஒரு தொகையாக எழுதும்போது வீட்டுக்காரர் திகைத்துப் போகிறார். இத்தகைய நிலையில் சட்டம் என்ன சொல்கிறது என்பதை அறிய, வங்காளத்தில் நடந்த ஒரு பிரசித்தமான வழக்கை நோக்கலாம். 1944-ஆம் ஆண்டில், பி.கே. மண்டல் அண்ட் சன்ஸ் என்னும் ஒப்பந்தக்காரர்கள், அன்றைய வங்காள அரசாங்கத்தின் சிவில் சப்ளைஸ் துறைக்காக, அதிகாரிகள் கேட்டுக்கொண்டபடி ஆரம்பாக் என்னும் ஊரில் பாதை, காவலர் அறை, அலுவலகம், சமையலறை முதலியவற்றையும், வேறிடத்தில் சேமிப்புக் கொட்டகையையும் கட்டிக் கொடுத்தார்கள். அரசாங்கம் அவற்றை உபயோகித்துக்கொண்டது. ஆனால் பணம் கேட்டபோது, 1935-ஆம் ஆண்டின் இந்திய அரசாங்கச் சட்டம் விதித்த முறைப்படி ஒப்பந்தம் எழுதப்படவில்லை என்று காரணம் காட்டியது. 19,325 ரூபாய்க்கான அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1961 டிசம்பரில் தீர்ப்பாயிற்று. ஒப்பந்தம் செல்லாது என்பதை நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆயினும், இனாமாகச் செய்யும் கருத்தின்றி ஒருவர் நியாயமாகச் செய்த காரியத்தின் பலனை மற்றவர் அனுபவித்தால், அதற்கு ஈடு செய்யக் கடமைப்பட்டவர் என்ற ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆம் பிரிவின்படி, பணம் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

இதைக் கேட்டு, 'செய்த வேலைக்குக் கூலி எப்படியும் கிடைக்கும்' என்று மேஸ்திரிகள் நிம்மதியடைந்துவிடக் கூடாது. ஏற்கவோ மறுக்கவோ சுதந்திரம் உள்ள ஒருவர் அந்தப் பலனை ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும் என்பதே அந்தப் பிரிவின் உயிர்நாடி. கடையிலிருந்து கேளாமல் அனுப்பிய மூட்டையைத் திருப்பி அனுப்பலாம். கேளாமல் எழுப்பிய சுவரை வீட்டுக்காரர் எப்படித் திருப்பி அனுப்புவார்? ஆகவே கூடுதல் வேலை எதுவானாலும், கையில் கரண்டி எடுப்பதற்கு முன்பே, இன்ன வேலை, இன்ன தொகை, இத்தனை நாள் கூடுதலாகும் என்று தனிச்சீட்டில் எழுதி, வீட்டுக்காரரின் சம்மதத்தைப் பெற வேண்டும். எழுதப் பொழுதில்லாவிட்டால் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பி, 'சரி' என்ற ஒரு சொல்லைப் பதிலாகப் பெற்றாலும் போதும். வீட்டில் உத்தரவிடும் அதிகாரம் எவருக்கு உண்டு என்பதையும் ஆரம்பத்திலேயே தீர்த்துக்கொள்வது குடும்ப சமாதானத்துக்கும் நல்லது. அடுத்த ரன்னிங் பில்லிலேயே அந்தத் தொகை தனி வரியாக ஏறிவிட வேண்டும். கடைசி வரைக்கும் சேர்த்து வைக்கப்படும் எக்ஸ்ட்ரா கணக்கு எவ்வளவு நியாயமானதாயிருந்தாலும் நியாயமாகத் தோன்றுவதில்லை.

வரியைப் பற்றி மக்களிடையே குழப்பம் மிகுதி. 2017 ஜூலை 1 முதல் வழங்கிவரும் சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தில், பொருளும் கூலியும் சேர்ந்த கட்டட ஒப்பந்தம் சேவையாகவே கருதப்படுகிறது. பொதுவாக அதற்கு 18 விழுக்காடு வரி. சேவை செய்கிறவரின் ஓர் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு செய்துகொள்ள வேண்டும். நாம் எடுத்துக்கொண்ட பன்னிரண்டு லட்ச வீட்டைப் போல் வருஷத்துக்கு இரண்டு கட்டினாலே, கைக்கு நிற்பது சொற்பமாயினும், மொத்த வரவு அந்த எல்லையைக் கடந்துவிடுகிறது என்பதைப் பல மேஸ்திரிகள் உணர்வதில்லை. பொருளையெல்லாம் வீட்டுக்காரரே வாங்கிக் கொடுக்க, தனி வீடு ஒன்றுக்குக் கூலி வேலை மட்டும் செய்தால், அதற்கு வரிவிலக்கு உண்டு. ஆகையால் கூலி காண்ட்ராக்டா மொத்தக் காண்ட்ராக்டா என்ற முதல் வரிக் கேள்விக்கு வரியிலும் முக்கியத்துவம் இருக்கிறது. பதிவு பெறாதவர் தம் பில்லில் ஜி.எஸ்.டி. என்று ஒரு தொகையைச் சேர்த்து வாங்குவது சட்டவிரோதம். பதிவு பெற்றவரின் பில்லில் அவருடைய பதிவு எண், அந்த நிதியாண்டில் தொடர்ச்சியாக வரும் பில் எண், தேதி, வேலையின் விவரம், வரிக்கு முந்திய மதிப்பு, மத்திய வரி எவ்வளவு, மாநில வரி எவ்வளவு என்பவை தனித்தனியே இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் நடந்து தவணையில் பணம் பெறும் வேலைக்கு, ஒரு கட்டம் முடிவதோடு பணம் இணைக்கப்பட்டிருந்தால், அந்தக் கட்டம் முடிகிற தேதிக்குள் பில் கொடுத்துவிட வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் விதி. கட்டங்கட்டமாக எழுதுவது விவேகமாக மட்டுமன்றி விதியாகவும் ஆகிவிட்டது. ஏரி இரு மாநிலங்களில் பரந்து கிடப்பதால் இந்தப் பகுதிக்கென்றே ஒரு செய்தியும் உண்டு: தமிழ்நாட்டில் பதிவு பெற்ற மேஸ்திரி, எல்லைக்கு அப்பால் தடாவிலோ சூளூர்ப்பேட்டையிலோ ஒரு வீடு கட்டினால், வீடு இருக்கும் இடமே கணக்கில் கொள்ளப்பட்டு, ஒருங்கிணைந்த வரியாகப் பில் எழுத வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டின் வரி 28-இலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது போன்ற மாறுதல்கள் வேலையின் நடுவில் வரக்கூடுமாகையால், பேசிய ரேட் வரியை உட்கொண்டதா, வரி தனியா என்பதை எஸ்டிமேட்டிலேயே சொல்லிவிட வேண்டும்.

பில்லை எழுதுவது ஒரு பாதி. பணம் வரக்கூடிய காலத்தை அறிந்து எழுதுவது மறுபாதி. மாதச் சம்பளக்காரரின் வீட்டுக்கு வகுத்த தவணை மீனவருக்குப் பொருந்தாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் விசைப்படகுகளுக்கே உரியது. ஃபைபர் படகில் போகிறவர் அந்நாட்களிலும் கடலுக்குப் போகலாம். ஆனால் வடகிழக்குப் பருவ மழையில் புயல் எச்சரிக்கை வந்தால் எல்லாப் படகும் கரையில் நிற்கும். முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோனால் ஏரிப் பக்கம் நிற்கும் படகு கடலை அடைவதே பிரயாசை. தளம் போடும் பெரிய தவணை அந்த மாதங்களில் வந்து விழும்படி வேலையைத் தொடங்கும் மேஸ்திரி, வீட்டுக்காரரைக் கந்துவட்டிக்காரரிடம் அனுப்பி வைக்கிறவராகிறார். அரசாங்கத் திட்டத்தில் கட்டப்படும் வீடுகளிலும் இதே நிதானம் வேண்டும். 2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய், பயனாளியின் வங்கிக் கணக்குக்குக் கட்டங்கட்டமாக வருகிறது. அந்தக் கட்டங்களும் மேஸ்திரியின் பில் கட்டங்களும் ஒன்றாக அமைந்தால், அதிகாரி வந்து அளந்து பணம் ஏறியதும் மேஸ்திரிக்கும் கொடுத்துவிடலாம். வெவ்வேறாக அமைந்தால் இருவரும் மாறி மாறிக் காத்திருக்க வேண்டியதுதான். இந்தப் பொருத்தத்தைப் பார்த்துக் கொடுப்பது வீட்டுக்காரருக்குக் காட்டும் சலுகையன்று; அவருக்கு வரும் பணத்தைத் தவிர மேஸ்திரிக்கு வேறு பணம் எங்கிருந்தும் வரப்போவதில்லை.

பில் கொடுத்தும் பணம் வரவில்லையென்றால், முதலில் செய்ய வேண்டியது வேலையை நிறுத்திச் சண்டையிடுவதன்று. இன்ன தேதி பில்லில் இவ்வளவு பாக்கி என்று பணிவாக ஒரு நினைவூட்டல், பிறகு எழுத்து மூலமாக இரண்டாவது நினைவூட்டல், அதன் பின் வேலையை இன்ன நாளிலிருந்து நிறுத்திவைப்பதாக முன்னறிவிப்பு என்று கிரமமாகப் போக வேண்டும். நிறுத்திவைக்கும் உரிமை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருப்பது மிக நல்லது. வழக்குக்குப் போகும் நிலை வந்தால், 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, பணம் கொடுக்கும் நாள் குறிக்கப்படாத வேலைக்கு, வேலை முடிந்த நாளிலிருந்து மூன்றாண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும். அந்தக் காலம் கழியுமுன், 'பாக்கி நாற்பதாயிரம் தரவேண்டியது உண்மை' என்று வீட்டுக்காரர் எழுதிக் கையெழுத்திட்டிருந்தால், அந்த நாளிலிருந்து மூன்றாண்டு புதிதாகக் கணக்கிடப்படும். முழுக் கணக்கோடு எழுதிய ரன்னிங் பில்லின் அடியில் வீட்டுக்காரரிடம் ஒவ்வொரு முறையும் கையெழுத்து வாங்கி வைக்கும் மேஸ்திரிக்கு, பாக்கியை ஒப்புக்கொண்ட அத்தாட்சியாகவும் அது உதவும்.

கடைசி பில்லைப் பற்றி ஒரு வார்த்தை. சாவி கொடுக்கும் அன்றே கணக்கு முழுவதும் தீர்ந்துவிட வேண்டும் என்று மேஸ்திரி விரும்புவது இயல்பு. ஆனால் கடற்கரையில் ஒரு தளம் ஒழுகுமா ஒழுகாதா என்பதை ஒரு மழைக்காலம்தான் சொல்லும். மொத்தத்தில் ஐந்து விழுக்காட்டை, நம் உதாரணத்தில் அறுபதாயிரம் ரூபாயை, வீட்டுக்காரர் நிறுத்தி வைத்துக்கொண்டு, வரும் மழைக்காலம் முடிந்ததும் தருவதாக எழுதிக்கொள்வது இருவருக்கும் நியாயமான ஏற்பாடு என்று எனக்குத் தோன்றுகிறது. எந்தத் தேதியில் தர வேண்டும், எந்தக் குறைகளுக்காக மட்டும் கழிக்கலாம் என்பவை அதில் தெளிவாக இருக்க வேண்டும். தேதியில்லாத பிடித்தம் திரும்பி வருவது அரிது. ஜனவரியில் மேஸ்திரி வந்து, வீட்டுக்காரரோடு மாடிக்கு ஏறி, மூலைகளையும் நீர் இறங்கும் வாயையும் பார்த்து, கசிவு இருந்தால் தம் செலவில் சரிசெய்துவிட்டு, அந்த அறுபதாயிரத்துக்கான பில்லைக் கொடுக்கலாம். பணம் வந்ததும், இன்ன வீட்டின் வேலைக்காக இதுவரை இன்ன இன்ன தேதிகளில் பெற்ற தொகைகள் சேர்ந்து முழுக் கணக்கும் தீர்ந்தது என்று ரசீது எழுதி, இரண்டு பிரதிகளிலும் இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்ள வேண்டும். மேஸ்திரியின் பிரதி அவருடைய வருமான வரிக் கணக்குக்கும், அடுத்த வேலைக்கு எஸ்டிமேட் போடும்போது உண்மையான செலவைக் கண்டுகொள்ளவும் உதவும். வீட்டுக்காரர் தம் பிரதியை, அளவு நோட்டோடும் அந்தப் படங்களோடும் சேர்த்து, வீட்டுப் பத்திரம் இருக்கும் பெட்டியிலேயே வைப்பது நல்லது. மாடியில் ஓர் அறை எழுப்ப நினைக்கும் நாளில், கீழே அஸ்திவாரம் எத்தனை அடி இறங்கியிருக்கிறது என்று பொறியாளர் முதற்கேள்வியாகக் கேட்பார்.